செத்தவர் பெயரில் ஒரு பெட்டி

“அவர் செத்து ரெண்டு மாசமாச்சு! சவப்பெட்டிய நானும்தான் தூக்கினேன். செத்தவருக்கு எதுக்கு மாத்திரை?”

நான் போட்ட சத்தத்தில், கொலம்பியாவின் இபாகே நகர மருந்து மையத்தின் வரிசை மொத்தமும் திரும்பியது.

ஜன்னலில் நின்றது எங்கள் பக்கத்து வீட்டு ஒத்தீலியாம்மா. கையில், செத்த புருஷன் பேரில் வாங்கிய நுரையீரல் புற்றுக்கான புது மாத்திரை, முழுப் பெட்டி.

எனக்குக் கோபம் வராதா? என் அம்மாவுக்கும் அதே மாத்திரைதான். நாங்கள் வழக்குப் போட்டு, கொடுத்தே ஆகணும் என்று நீதிபதி உத்தரவு போட்டு நாலு மாசம். இன்றைக்கும் ஜன்னலில் அதே பதில்: “நிலுவை. அடுத்த வாரம் வா.”

“வெளியில விக்கிறாங்க சார்!” என்றேன் காவலாளியிடம்.

“சும்மா இரு எவரார்தோ. வீட்டுல பேசிக்கலாம்,” என்றார் ஒத்தீலியாம்மா மெதுவாக.

“ஏன், பங்கு தர்றீங்களா?”

வரிசை சிரித்தது. “விடாதடா தம்பி!” என்றது ஒரு குரல்.

காவலாளி ஒத்தீலியாம்மாவின் பையைப் பிடுங்கிக் கொட்டினார். கடித்து வைத்த சோள அடை. புருஷனின் அடையாள அட்டை நகல். ‘மருந்தை என் மனைவியிடம் கொடுக்கவும்’ என்று ஒரு கடிதம். நேற்றைய தேதி. கீழே, செத்தவர் கையெழுத்து!

“பாத்தீங்களா?”

கடைசியாக உருண்டு வந்தது ஓர் ஊதா நூல்கண்டு.



போன மாசம் தேவாலயத்திலிருந்து அம்மாவுக்கு இதே மாத்திரை ஒரு பெட்டி வந்தது. பெயர்ச்சீட்டைச் சுரண்டி, இதே ஊதா நூலால் கட்டியிருந்தது. யார் கொடுத்தது என்று பாதிரியார் கடைசிவரை சொல்லவில்லை. அதைச் சாப்பிட்ட பிறகுதான் அம்மா மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறுகிறாள்.

அந்தப் பெட்டி நேற்றோடு காலி.

ஒத்தீலியாம்மா என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் இருந்த பெண் என்னிடம் தாளும் பேனாவும் நீட்டினார். “அவர் இறந்துட்டார்னு எழுதிக் கையெழுத்துப் போடு தம்பி. பெட்டியத் திரும்ப வாங்கிடறோம்.”

“வாங்கி எங்கம்மாவுக்குத் தருவீங்களா?”

“அதெப்படி? இது வேற பேர்ல வந்தது. திருப்பி அனுப்பிடுவோம். உங்கம்மாவோடது நிலுவை.”

பேனா மூடியைப் போட்டேன்.

“நான் தூக்கினது வேற யாரோட சவப்பெட்டியோ மேடம். அதோட, நான் பள்ளிக்கூடத்த விட்டவன். எனக்கு எழுத வராது.”