முயல் படம் போட்ட டப்பா

“கூண்டெல்லாம் காலியா? அப்போ முயலுங்க எங்கே?” தட்டை வைத்தபடி கேட்டாள் மனைவி.

“அதை யாரு என்கிட்ட சொல்றா? காலையில போனேன், ஒண்ணுகூட இல்ல. கழுவிக் கவுத்து வையின்னாங்க. வெச்சுட்டு வந்தேன்.”

கண் மை செய்யும் கம்பெனியில் அவர் கூண்டு கழுவுகிறவர். அங்கே முயலைப் பெட்டிக்குள் அடைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, இடது கண்ணில் மையைத் தடவுவார்கள். வலது கண்ணைத் தொட மாட்டார்கள். மறுநாள் இரண்டையும் ஒப்பிட்டு, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். முயல் கத்தாது. பின்னங்காலால் பெட்டியைத் தட்டும். அவ்வளவுதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது வாய்தவறி இதைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து மகள் கண்ணுக்கு மை வைப்பதில்லை. அப்பாவோடு பேசுவதும் இல்லை.

“முயலே இல்லேன்னா உங்க வேலை?”

“போகாதாம். மேனேஜரே தோளைத் தட்டிச் சொன்னாரு. இனிமே வாயில்லா ஜீவனைத் தொட மாட்டோம்னாரு. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கில்லன்னு அக்கறையா விசாரிச்சாரு.”

டக். டக்.

அவர் கை தட்டிலேயே நின்றது. “உனக்குக் கேக்குதா?”

“ஆமா, உங்க காதுக்குள்ள ஒரு முயல் குடியிருக்கு. மறக்காம வாடகை வாங்குங்க.” சிரித்தாள். “உள்ளே உங்க பொண்ணுதான். ஏதோ பாட்டுக்குக் காலால தாளம் போடுறா போல. இன்னிக்கு அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்பா வந்ததும் நானே போய்ப் பேசுறேம்மான்னா.”

“நிஜமாவா?”

“பின்னே? மத்தியானம் உங்க கம்பெனியிலிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட அம்மா ஒருத்தங்க வந்தாங்க. அங்க வேலை செய்யறவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் புது மை இலவசமாம். இவ தொடவே மாட்டேன்னுட்டா. அப்புறம் இந்த டப்பாவைக் காட்டினாங்க. பாருங்களேன்.”

மூடியில் ஒரு முயல் துள்ளிக்கொண்டிருந்தது. கீழே பொடி எழுத்து. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்: ‘எந்த விலங்கின் மீதும் சோதிக்கப்படாதது.’

இனி மகள் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

டக் டக் டக்.

“போய்ப் பாருங்க. மையை வெச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடிதான் உக்காந்திருக்கா. முதல்ல கொஞ்சம் கரிக்குமாம், பொறுத்துக்கணுமாம்.” மனைவி குரலைத் தாழ்த்தினாள். “ஆனா இதென்ன கூத்தோ தெரியலைங்க. இடது கண்ணுக்கு மட்டும்தான் வைக்கணுமாம், வலது கண்ணைத் தொடவே கூடாதாம். நாளைக்கு வந்து ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்னு சொல்லிட்டுப் போனாங்க.”