இடது கோடி எட்டு

நான்கு எட்டுகளும் சிவப்பாக எரிந்தன.

சர்க்யூட் போர்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான் செக்கர். எடை மெஷினுக்குள் போகப்போகும் எல்.இ.டி. எண்கள் நான்கும் ஒரே வெளிச்சத்தில் எரிகின்றனவா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. எட்டு போட்டால் எல்லாக் கோடுகளும் எரியும். குறை ஒளிந்துகொள்ள இடமிருக்காது.

ஒவ்வொன்றாகப் பார்க்கக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். வரிசையின் நடுவில் கண்ணை நிறுத்தி, நான்கையும் ஒரே பார்வையில் வாங்க வேண்டும்.

வாங்கினான்.

இடது கோடி எட்டு மங்கியிருந்தது.

சிவப்பு ஸ்டிக்கரை உரித்தான். ஒட்டக் கை வரவில்லை. ஸ்டிக்கர் கட்டைவிரலில் சுருண்டு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து நேராக்கி, போர்டின் மூலையில் வைத்து அழுத்தினான்.

காலையிலிருந்து அவன் திருப்பி அனுப்பும் மூன்றாவது ட்ரே போர்டுகள் அவை. மூன்றும் கடைசி மேஜையிலிருந்து வந்தவை. அந்த லைனில் டிஸ்ப்ளே பொருத்த அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது. அவள் அவன் மனைவியின் தங்கை.

அவன் சொல்லித்தான் அவளை எடுத்தார்கள். வேலை நிரந்தரமானதும் தனியாக ஒரு அறை பார்த்துப் போய்விட வேண்டும் என்று, அவன் வீட்டுச் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு தினமும் சொல்வாள். நிரந்தரமா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும்.

டிஸ்ப்ளேக்கள் நீளமான பிளாஸ்டிக் குழாயில் வரும். எந்த அளவு வெளிச்சம் என்று ஒவ்வொன்றின் விலாவிலும் ஓர் எழுத்து இருக்கும். ஒரே எழுத்துள்ளவற்றைத்தான் ஒரு வரிசையில் வைக்க வேண்டும். நெருக்கி உட்காரவைத்து, ஈயத்தை உருக்கி சால்டர் செய்துவிட்டால் எழுத்து மறைந்துவிடும். பிறகு கலந்துவிட்டாளா இல்லையா என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசர் வந்தார். போர்டைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கரைத்தான் பார்த்தார்.

"கொழுந்தியாளுக்கே சிவப்பா? நைட்டு சோறு கிடைக்காதுய்யா உனக்கு."

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். அவனும் உதட்டை இழுத்துக்கொண்டான்.

"அதான்யா உன்கிட்ட எனக்குப் பிடிச்சது. சொந்தம் பந்தம்னு பார்க்க மாட்ட. நாளையிலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கலாம். அந்தம்மாகிட்ட நானே சொல்லிடறேன்."

அவர் கடைசி மேஜைக்கு நடந்தார். செக்கர் தலை நிமிரவில்லை. அவர் குரல் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்து நின்றாள். வேலை நேரத்தில் மணிக்கட்டில் மாட்டும் எர்த் பட்டையை இன்னும் கழற்றியிருக்கவில்லை. அதன் சுருள் ஒயரை மட்டும் மேஜையிலிருந்து பிடுங்கிக் கையில் சுற்றியிருந்தாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் பட்டால் டிஸ்ப்ளே செத்துவிடும் என்று முதல் நாள் சொன்னதைக் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட அதை மாட்டிக்கொள்ளாமல் எதையும் தொடாதவள்.

மறு கையில் காலிக் குழாய்கள். அவன் முன்னால் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து.

"கலக்கலை அத்தான். என் கண்ணுக்கு நாலும் ஒண்ணாத்தான் எரியுது."

"உனக்கு இன்னும் பழக்கம் போதாது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரே ஒரு தடவை போர்டைத் தலைகீழாத் திருப்பிப் பாருங்க அத்தான். எட்டைத் திருப்பினாலும் எட்டுதானே? என் தப்புன்னா மங்கல் வலப்பக்கம் போயிடும். போச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

தூரத்தில் சால்டர் புகையை இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் சிவப்பு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் அழுத்தினான்.

"திருப்பிப் பார்த்துட்டேன்" என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். குழாய்களைச் சத்தமில்லாமல் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டாள்.

"சரி. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும். அக்கா உங்களை ஒண்ணும் சொல்லாம நான் பார்த்துக்கறேன்."

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி அவன் மேஜையிலேயே வைத்தாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. இரண்டடி போய்த் திரும்பி, "சாப்பிட்டுருங்க அத்தான், காலையிலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் அவளிடம் பொய் சொல்லவில்லை.

காலையில் முதல் ட்ரேயிலேயே திருப்பிப் பார்த்திருந்தான். மங்கல் வலப்பக்கம் போகவில்லை. அடுத்த போர்டைத் திருப்பினான். போகவில்லை. யாரும் கவனிக்காதபோது எழுந்துபோய், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனே தேர்ந்தெடுத்து, நல்ல போர்டு எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டுவதற்காகக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த மாதிரி போர்டை எடுத்துவந்து எரியவிட்டான்.

அதிலும் இடது கோடிதான் மங்கியிருந்தது.