ஒரே ரத்தம், ரெண்டு சுகர்

"வெறும் வயித்துச் சுகர் நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணு மாசச் சராசரி ஆறுக்குள்ள இருக்கணும், எட்டைத் தொடுதே!" பிச்சையாவின் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் டாக்டரம்மா.

ரேணுகாதேவிக்கு விளங்கிவிட்டது. டெஸ்டுக்கு முந்தின மூன்று நாளும் கோயில் கொடைத் திருவிழாவுக்காக அவருக்கு வேலைக்கு லீவு. வீட்டுக்காரர் பிச்சையா அவள் கண் முன்னாலேயே இருந்தார். மற்ற நாளில்தான் திருட்டுத்தனம்.

"வீட்டுல சீனி டப்பாவையே ஒழிச்சுட்டேன் டாக்டர். இவிய வெளிய போய்த் திங்காவ!"

"அம்மன் சத்தியமா இல்லை டாக்டர்!" பிச்சையா பதறினார். "டீயே சீனியில்லாமத்தான் குடிக்கேன். ஒரு துண்டு இனிப்பு தின்னது கிடையாது."

அந்த முகத்தில் பொய் இல்லை. ரேணுகாதேவியே குழம்பிப்போனாள்.

"அண்ணாச்சி, என்ன வேலை பார்க்கீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கடலைமிட்டாய் கம்பெனியில பாகு மாஸ்டர். இருபத்திரண்டு வருசமா."

"பாகு பதம் எப்படிப் பார்ப்பீங்க?"

"ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, உருட்டி எடுத்து, வாயில போட்டுக் கடிப்பேன். நறுக்குன்னு உடையணும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"சட்டிக்கு மூணு தடவை. முப்பது சட்டி இறங்கும்."

ரேணுகாதேவி தலையில் கைவைத்தாள். இத்தனை வருசமும் அவர் வேலைக்குப் போவதாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்போ தொண்ணூறு தடவை திங்கிய!" என்றாள் அவரிடம்.

பிச்சையாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"கிறுக்கி, அது வேலைட்டி! தின்னதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?"