கழற்றிப் போட்ட ஸ்வெட்டர்

மலையூர்ப் பள்ளி ஒன்றில், ஐந்தாம் வகுப்பு அலமாரியின் மேல் ஒரு கால்பந்து சும்மா கிடந்தது. பனிக்காலம் வந்துவிட்டால் போதும், விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். "வெளியே போனா சளி பிடிக்கும். உட்காருங்க, கணக்கு போடலாம்" என்பார்.

பெனிட்டா என்ற சிறுமி போட்டிருந்த நீல ஸ்வெட்டருக்குத் தன்னை நினைத்து ரொம்பப் பெருமை.

"இந்தப் பிள்ளைக்குச் சூடு குடுக்கறதே நான்தான். உன்னால என்ன பிரயோஜனம்?" என்று அது பந்தைக் கேட்டது.

"அப்புறம் ஏன் அவ கை ஐஸ் மாதிரி இருக்கு?" என்றது பந்து.

"பனிக்காலம்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஸ்வெட்டர் பேச்சை முடித்துக்கொண்டது.

ஒருநாள் கணக்கு டீச்சருக்கே சளி பிடித்து, அவர் லீவு போட்டுவிட்டார். பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் பெனிட்டா ஸ்வெட்டரைக் கழற்றி, கோல் போஸ்ட்டுக்கு அடையாளமாக ஈரப் புல்லில் போட்டாள்.

"ஐயோ, என்னைக் கழட்டிட்டாளே! விறைச்சுப் போயிடுவாளே!" என்று ஸ்வெட்டர் அலறியது. பதில் சொல்லப் பந்துக்கு நேரமில்லை.

மணி அடித்தது. முகம் சிவக்க, மூச்சு வாங்க ஓடிவந்த பெனிட்டா, ஸ்வெட்டரை உதறி மாட்டிக்கொண்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

புல்லில் கிடந்து விறைத்துப்போயிருந்த ஸ்வெட்டருக்கு, அவள் உடம்பிலிருந்து கதகதவென்று சூடு ஏறியது.  வகுப்பு வாசலில் அது மெதுவாகப் பந்தைக் கேட்டது.

"நாளைக்கும் டீச்சர் லீவுதானே?"