பின் சீட்

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உட்கார்றேன்" என்றார் வண்டி வாங்க வந்த கண்ணாடிக்காரர்.

சேல்ஸ்மேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷோரூம் வாசலில் நிற்பது புத்தம்புது நேக்கட் பைக். எஞ்சின், குழாய் எல்லாம் வெளியே தெரிய, மூடி மறைக்க ஒரு தகடு கிடையாது. வருகிறவன் எல்லாம் ஹேண்டிலைப் பிடிக்கத்தான் அடித்துக்கொள்வான். டெஸ்ட் ரைடில் பின் சீட் கேட்ட முதல் மனுஷன் இவர்தான்.

ஓட்டத் தெரியாதோ என்று பார்த்தால், அவர் வந்த பழைய ஸ்கூட்டர் வாசலில் நிற்கிறது. அதில் முன் சீட் பரவாயில்லை. பின் சீட்தான் குழிவிழுந்து, பஞ்சு பிதுங்கிக் கிடந்தது. சரி, வீட்டம்மாவுக்கு வசதிப்படுமா என்று பார்க்கிறாராக்கும். பாசக்கார மனுஷன்!

எப்படியோ வண்டி விலைபோனால் போதும். "இந்த மாசம் ஒண்ணுகூட விக்கல நீ. இன்னிக்கும் விக்கலைன்னா நாளைக்கு வராதே" என்று ஷோரூம் மேனேஜர் காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்ன வாயோடு, "சாயங்காலம் வழக்கம்போல என்னை வீட்ல இறக்கிவிட்டுடு" என்றும் சொன்னார். அவர் வீடு கிழக்கே. இவன் வீடு மேற்கே.

வண்டி பறந்தது.

"பிக்கப் பாத்தீங்களா சார்!"

"எங்க பாக்கறது? உங்க முதுகுதான் தெரியுது. பிடிச்சுக்கக் கம்பி எங்கேப்பா?"

"ஸ்போர்ட்டி லுக் போயிடும்னு கம்பி வைக்கல சார்."

"சீட்டாவது வெச்சிருக்கலாமே. உள்ளங்கை அகலம்தான் இருக்கு!"

வேகத்தடை வந்தது. பின்னால் "ஐயோ அம்மா!" என்று ஓர் அலறல்.

"சஸ்பென்ஷன் கொஞ்சம் கெட்டி சார். வளைவுல வண்டி ரோட்டோட அப்படியே ஒட்டிக்கும்."

"வண்டி ஒட்டிக்கும். நான் ஒட்டணுமே! முழங்கால் காதுக்கு வந்துடுச்சு. ஆமா, என்னைவிடக் கனமான ஆளு உட்கார்ந்தா என்ன ஆகும்?"

"ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க சார்" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் சேல்ஸ்மேன். நல்ல வாய் இது, சோற்றில் மண்ணைப் போட!

திரும்பி வந்ததும் கண்ணாடிக்காரர் வண்டியிலிருந்து இறங்கவில்லை, சரிந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரவே ஐந்து நிமிடம் ஆயிற்று. போச்சு, வேலை போச்சு.

"சார்... அம்மாவுக்கு அகலமான சீட்டோட வேற மாடல் காட்டட்டுமா?" அழாத குறையாகக் கேட்டான்.

"மூச்! இதேதான் வேணும். பில் போடுங்க."

"இவ்ளோ குறை சொன்னீங்களே சார்!"

"குறையா? யாருய்யா குறை சொன்னது?" அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "என் வீட்டம்மா பின்னாடி உட்கார்ந்து மூணு வருஷமாச்சு. தினமும் ஏறி உட்கார்றது எங்க ஆபீஸ் மேனேஜர். 'போற வழிதானேப்பா'ம்பார். எட்டு கிலோமீட்டர் சுத்து! வழியெல்லாம் 'மெதுவா போ, பள்ளம் பாத்துப் போ'ன்னு அதிகாரம் வேற. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதை இனிமே இந்தச் சீட்டு சொல்லிடும்."

வேலை தப்பித்த நிம்மதியில் சேல்ஸ்மேன் அவசரமாகப் பேனாவைத் திறந்தான்.

கேபினுக்குள்ளிருந்து ஷோரூம் மேனேஜரின் குரல் வந்தது. "வித்துட்டியா? சபாஷ்! சட்டுனு முடிச்சுட்டு வண்டியை எடு. இன்னிக்கு என் மச்சான் வீட்டுக்கும் போயிட்டுப் போகணும்."

பேனா அப்படியே நின்றது. வாசலில் இருந்த வண்டியின் பின் சீட்டைச் சேல்ஸ்மேன் முதல்முறையாக ஆசையோடு பார்த்தான்.

"ஒரு நிமிஷம் சார்... எனக்கும் சேத்து ரெண்டு பில்லா போட்டுடறேன்."