பாரம் வராத வளைவு

பனிமலை உச்சியில், ஒரு பெண்ணின் கால்களில் பூட்டிய இரண்டு சறுக்குப் பலகைகள் கீழே பார்த்துக்கொண்டு நின்றன. இடதுகால் பலகை காலையிலிருந்தே இறங்கப் பயந்துகொண்டிருந்தது.

“வலப்பக்கம் திரும்பினா நான்தானே பள்ளத்துப் பக்கம் வருவேன்? மொத்தப் பாரத்தையும் என் தலையில போட்டுடுவாளே!” என்று புலம்பியது.

“இடப்பக்கம் திரும்பறப்போ நான் சுமக்கலியா? சும்மா வா,” என்றது வலது.

“சாமி, இந்த ஒரு தடவை மட்டும் இவ என்னை மிதிக்காம இருக்கணும்,” என்று இடது வேண்டிக்கொண்டது.

வேண்டுதல் பலித்துவிட்டது. சறுக்கி இறங்கி, வலப்பக்கம் திரும்பும் வளைவில் பள்ளத்தைப் பார்த்துப் பயந்துபோன பெண், உடம்பை மலைப்பக்கமாகச் சாய்த்துவிட்டாள். பாரமெல்லாம் வலதுக்குப் போனது. இடதுக்கு ஒரு கணம் ‘அப்பாடா’ என்றிருந்தது. அடுத்த கணமே அதன் இரும்பு விளிம்பு பனியை விட்டுவிட்டது. பிடிமானம் இல்லாமல் கடகடவென்று ஆடிக்கொண்டே அது பள்ளத்தைப் பார்த்து வழுக்கியது.

“தாயே, மிதி! என் மேல ஏறி மிதி!” என்று அலறியது.

அவளுக்குக் கேட்டதோ என்னவோ, முழங்காலை மலைப்பக்கம் தள்ளி, தோளைப் பள்ளத்துப் பக்கம் சாய்த்து, இடதுகாலை அழுத்தி மிதித்தாள். விளிம்பு பனியைக் கவ்விக்கொண்டது. ஒருவழியாக வளைவு முடிந்தது.

“பிழைச்சோம்,” என்றது வலது. “அடுத்தது இடப்பக்கம். பாரம் என்னோடது. நீ நிம்மதியா வா.”

பாரமில்லாமல் வழுக்கியது இடதுக்கு நினைவு வந்தது.

“முழுசையுமா எடுத்துக்கப் போற?” என்று மெல்லக் கேட்டது. “எனக்கும் கொஞ்சம் விட்டு வையேன்.”