டிரைவ் உபயோகத்தில் உள்ளது

“சும்மா புடுங்கிக் குடுப்பா! பல்லா புடுங்கப் போற, இவ்ளோ யோசிக்கிற?”

ராஜமேரி கவுண்டரைத் தட்டினாள். பொம்மிடியில் அமலன் வைத்திருந்த வீடியோ ஸ்டுடியோவின் கவுண்டர் அவ்வளவு பலமானதல்ல. அமலனும்தான்.

“அப்படியே புடுங்கினா உள்ள இருக்கிற கல்யாண வீடியோ கெட்டுப்போயிரும்மா. எஜெக்ட் குடுத்துத்தான் ஹார்ட் டிஸ்கை எடுக்கணும்.”

அழுத்தினான். ‘இந்த டிரைவ் உபயோகத்தில் உள்ளது’ என்றது கம்ப்யூட்டர்.

“யாரு உபயோகிக்கிறாங்களாம்?”

“ஏதாவது புரோகிராமா இருக்குங்கம்மா.” மவுஸைக் கழற்றி மறுபடி மாட்டினான். மவுஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் வேலை நடப்பதுபோல் இருந்தது.

“எம்பொண்ணு பிளசி ஆறு மணி வண்டிக்கு மாப்பிள்ளையோட பெங்களூரு கெளம்புறா. இதைக் கையில குடுத்தனுப்பணும்.”

“மூணு மணிக்குத்தானேம்மா வரச் சொன்னேன். நீங்க ரெண்டுக்கே வந்துட்டீங்க.”

“சரி, உள்ள டிவி ரூம்ல உக்காந்துக்கிறேன். ஃபேனைப் போடு.”

“அங்க ஃபேன் ரிப்பேருங்க!” என்று பாய்ந்து வந்து திரைச்சீலையை மறித்தான் அமலன்.

ராஜமேரி ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். “காப்பி எதுவும் எடுத்து வைக்கலையே?”

“சத்தியமா இல்லீங்கம்மா. நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் அழிச்சாச்சு. இருக்கிறது இது ஒண்ணுதான்.”

“எங்க அக்கா ஜோஸ்பின் கண்ணுல மட்டும் இது பட்டுச்சு, எங்க சொந்தத்துல இனி ஒரு ஞானஸ்நானத்துக்குக்கூட உன்னைக் கூப்பிட மாட்டோம். கெணத்துத் தண்ணிக்குச் சண்ட போட்டுட்டு ஒம்பது வருசமாப் பேசாதவ. கல்யாணத்துக்கே நான் கூப்புடல.”

அமலனுடைய காலண்டரில் பாதி தேதிகள் அந்தச் சொந்தத்துக்குத்தான் சொந்தம்.

‘விக்’ என்று எங்கிருந்தோ ஒரு சத்தம்.

“என்னப்பா அது?”

“டிரைவ்தாங்கம்மா. சூடானா அப்படித்தான் சத்தம் போடும்.”

“புதுசால்ல வாங்கிக் குடுத்தேன்?”

“புதுசுதாங்க. அதான் இன்னும் பழகல.”

“பேசாம கம்ப்யூட்டரையே ஆஃப் பண்ணிப் போடு. எங்க வூட்டு டிவிக்கு அதான் வைத்தியம்.”

“ஐயோ, இப்ப ஆஃப் பண்ணக் கூடாதும்மா! அப்டேட் ஓடுது.” எந்த அப்டேட் என்று அவனுக்கும் தெரியாது.

மறுபடி ‘விக்’. அமலன் அவசரமாக இருமினான். கடை அதிரும் அளவுக்கு இருமியும், மூன்றாவது ‘விக்’ அதையும் தாண்டிக் கேட்டது.

ராஜமேரி டிரைவைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து திரைச்சீலைக்கு அடியில் டிவி ரூமுக்குள் ஓடிய வயரைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அம்மா, இன்னும் பத்தே நிமிஷம்…”

“அவசரமில்ல. வண்டி ஆறு மணிக்குத்தானே.” வாசற்படியில் நின்று திரும்பினாள். “முதல்ல உள்ள ஒரு சொம்பு தண்ணி குடு. சின்ன வயசுல இருந்தே எங்கக்காவுக்கு அழுதா விக்கல் வரும். முழுசாப் பாத்து முடிச்சதும் அந்த டிரைவை அவ கையிலயே குடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பு. பிளசி போனதுக்கப்புறம், வூட்டுக்குத் திரும்பி வர எனக்கும் ஒரு ஆளு துணை வேணுமில்ல?”